மூன்றாம் நாள் அழுகை

கல்லூரி ஆண்டு மலர்களைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? முதல்வரின் வாழ்த்துரை, கோப்பையோடு நிற்கும் கபடி அணி, 'அம்மா' என்ற தலைப்பில் நாலு கவிதை, இதையெல்லாம் தாண்டினால் ஒரு கட்டுரை கட்டாயம் கண்ணில் படும். தலைப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். 'தலைமைப் பண்பு முகாமில் நான் கற்றவை', 'என்னை எனக்கு அறிமுகப்படுத்திய நான்கு நாட்கள்', இப்படி. எழுதியவர் பெயரை மாற்றி மாற்றிப் போட்டாலும் கட்டுரை மாறாது. அவ்வளவு கச்சிதமாக ஒரு வடிவம் உருவாகிவிட்டது. மரபுக் கவிதைக்கு எதுகை மோனை மாதிரி இதற்கும் இலக்கணம் உண்டு. அதனால் இந்த வாரம் இதை ஓர் இலக்கிய வகையாகவே எடுத்துக்கொண்டு விமரிசனம் செய்து பார்க்கலாம்.

முதல் நாள்: பஸ், மலைப்பாதை, வாந்தி. கட்டுரையாளர் கூச்ச சுபாவம் உள்ளவர். மைக்கைக் கண்டால் கை நடுங்கும். கடைசி வரிசையில் உட்காருகிறார். இரண்டாம் நாள்: விளையாட்டு. பத்துப் பேர் வட்டமாக நின்று கையோடு கை பின்னிச் சிக்கலாகி, கையை விடாமல் சிக்கலை அவிழ்க்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், நண்பர்கள் தாங்கிப் பிடிப்பார்கள். மூன்றாம் நாள் ராத்திரிதான் உச்சக்கட்டம். விளக்கை அணைக்கிறார்கள். மெழுகுவர்த்தி. ஸ்பீக்கரில் புல்லாங்குழல். பயிற்சியாளர் குரலை இறக்கிக்கொண்டு, "உங்க அப்பா கையை கடைசியா எப்பப் பிடிச்சீங்க? யோசிச்சுப் பாருங்க" என்கிறார். ஒரு மூலையில் விசும்பல் ஆரம்பிக்கிறது. ஐந்தாவது நிமிடம் ஹாலே அழுகிறது. நான்காம் நாள் சான்றிதழ், குரூப் போட்டோ, 'புதிய மனிதனாக வீடு திரும்பினேன்.' முற்றும்.

தலைமுடித் தைல விளம்பரத்தில் இரண்டு படம் போடுவார்களே, உபயோகிப்பதற்கு முன், உபயோகித்த பின்? அதே கதைதான். அந்த இரண்டு படத்துக்கும் நடுவே என்ன நடந்தது என்று தைலக் கம்பெனியும் சொல்வதில்லை, கட்டுரையும் சொல்வதில்லை.

கிண்டல் போதும். அழுகை பொய்யில்லை. அந்த வயதில் அந்த அழுகைக்கு ஒரு தேவை இருக்கிறது. பிளஸ் டூ வரைக்கும் மார்க்கைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்காத ஒரு பிள்ளையிடம், முன்பின் தெரியாத நாற்பது பேர் உட்கார்ந்து "நீ சொல்லு" என்று காது கொடுப்பது சின்ன விஷயமில்லை. முகாம் தரும் உண்மையான பரிசு அதுதான். பிரச்சினை அதற்கு அப்புறம் ஆரம்பிக்கிறது. எங்கே என்று பார்க்க கொடுங்கையூருக்குப் போக வேண்டும்.

கொடுங்கையூர் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? குப்பை. சென்னையின் இரண்டு பெரிய குப்பைக் கிடங்குகளில் ஒன்று. 1980-களிலிருந்து நகரத்தின் வட பாதி கொட்டியது கொட்டியபடி, முந்நூற்று நாற்பது ஏக்கர் சுமாருக்கு மலையாகி நிற்கிறது. வெயில் காலத்தில் அது தானாகவே புகையும். பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலையை மாநகராட்சி இப்போது தொடங்கியிருக்கிறது. ஆனால் ஊரின் பேரில் ஏறிய வாடையைத் தோண்டி எடுக்க எந்த இயந்திரமும் வரவில்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் முகவரி சொல்லும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? "பெரம்பூர் பக்கம் சார்." "எம்.கே.பி. நகர் தாண்டி." "கண்ணதாசன் நகர்ங்க." எம்.கே.பி. என்பது மகாகவி பாரதி. ஒரு குப்பை மேட்டை மறைக்க இரண்டு கவிஞர்களைக் குறுக்கே நிறுத்த வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

அந்தப் பிள்ளை முகாமுக்குப் போகிறது. அறிமுகச் சுற்று. பேர், ஊர், பிடித்த ஹீரோ. மைக் நெருங்க நெருங்க அதன் மனசுக்குள் ஓடுவது கூச்சமா? ஊர் பேரைச் சொல்வதா வேண்டாமா என்ற கணக்கு. கொடுங்கையூர் என்றதும் பக்கத்து நாற்காலி அரை அங்குலம் நகரும் என்பது அதற்கு அனுபவத்தில் தெரியும். பயிற்சியாளர் அந்தத் தயக்கத்தைப் பார்த்து, 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று குறித்துக்கொள்கிறார். கண்ணைப் பார்த்துப் பேசு, முதுகை நிமிர்த்து, 'என்னால் முடியும்' என்று மூன்று தடவை உரக்கச் சொல் என்று மருந்து தருகிறார். ஊருக்கு வெளியே முந்நூற்று நாற்பது ஏக்கரில் கிடக்கும் ஒன்றை, அந்தப் பிள்ளையின் மனசுக்குள் கிடக்கிற ஒன்றாக மாற்றிவிட்டார் மனுஷன்! இந்த வித்தையைத்தான் முகாம்கள் திரும்பத் திரும்பச் செய்கின்றன. கட்டுரைகளிலும் அதனால்தான் ஊர் வருவதில்லை. மலை வரும், பனி வரும், 'நான்' வரும். எழுதியவர் எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போனார் என்பது மட்டும் வராது.

முகாம் என்ற யோசனை பிறக்கும்போது இப்படி இல்லை. 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தில் பிரௌன்சீ என்ற தீவுக்கு இருபது சொச்சம் பையன்களை அழைத்துப் போனார். பாதிப் பேர் பணக்காரப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பாதிப் பேர் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள். அன்றைய இங்கிலாந்தில் அந்த இரண்டு கூட்டமும் ஒரே கூடாரத்தில் படுப்பது நடக்காத காரியம். பையன்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பையனைப் பொறுப்பாக்கினார். சாரணர் இயக்கம் அங்கேதான் முளைத்தது.

அந்த இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்றார்கள். அதனால் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் 1917-ல் சென்னையிலிருந்தே இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதே வருஷம் ஜூனில் ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக அரசாங்கம் அந்த இரண்டு பேரையும் காவலில் வைத்தது. கூடவே மூன்றாவதாக ஒருவர். பம்பாய்க்காரர், பார்சி, பேர் பி.பி. வாடியா. இவருடைய கதை நம் வடசென்னைக்கு வருகிறது.

பெரம்பூர்ப் பக்கம் பி அண்ட் சி மில். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்று இரண்டு வியாபாரிகள் அங்கே ஒரு பக்தி சபை நடத்திவந்தார்கள். பஜனை கேட்க மில் தொழிலாளிகள் வருவார்கள். பஜனை முடிந்ததும் சொந்தக் கதை. காலையில் ஒரு நிமிஷம் லேட்டாகப் போனால் கேட்டைச் சாத்திவிடுகிறான், மதியம் சாப்பிட அரை மணிதான் விடுகிறான், கையலம்பி வரிசையில் நின்று நாலு வாய் அள்ளிப் போடுவதற்குள் சங்கு ஊதிவிடுகிறது. சாமி கதை கேட்க வந்த கூட்டம் சாப்பாட்டு நேரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. செட்டியாரும் நாயுடுவும் வாடியாவைத் தேடிப் போனார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வது வழக்கம். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். தலைவருக்குத் தமிழ் வராது. அவர் ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்ல, ஆயிரக்கணக்கானவர்கள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். மைக் கிடையாது. கண்ணைப் பார்த்துப் பேசினாரா, முதுகு நிமிர்ந்திருந்ததா என்றெல்லாம் யாரும் குறித்து வைக்கவில்லை.

ஒரே அடையாறு கூட்டம், ஒரு பக்கம் சாரணர் முகாம், இன்னொரு பக்கம் மில் வாசல். இளைஞர்களைத் தலைவர்களாக்க இரண்டு வழியும் பக்கத்துப் பக்கத்தில் கிளம்பின. இதில் மில் வாசல் வழி சுகமானது என்று நான் சொல்ல வரவில்லை. 1921 வேலைநிறுத்தத்தில் அந்தச் சங்கத்தைச் சாதி பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் மற்றவர்களும் மோதி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. தலைவர்கள் எல்லோரும் அதில் நன்றாக நடந்துகொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆனால் மில் வாசலில் அந்தப் பிளவு வெளியே வந்தே தீர வேண்டியிருந்தது. மலை மேல் முகாமில் நான்கு நாளும் சாதி வெளியே வராது. அங்கே எல்லோரும் நெஞ்சில் ஒரே நிற அட்டை குத்தியிருப்பார்கள். ஐந்தாம் நாள் ஊருக்கு வந்து இறங்கியதும் அட்டையைக் கழற்றிவிடுவார்கள்.

இன்னொரு சங்கதி, கயிறு. தலைமை முகாம் என்றாலே கயிற்றில் தொங்குவது, கயிற்றுப் பாலத்தில் நடப்பது எல்லாம் வந்துவிடுகிறதே, எங்கிருந்து வந்தது? 1941-ல் உலகப் போர் நடக்கும்போது வேல்ஸ் கடற்கரையில் அபர்டவி என்ற ஊரில் கர்ட் ஹான் என்ற ஆசிரியர் தொடங்கிய பயிற்சிப் பள்ளி அதற்கு ஒரு முக்கியமான ஊற்று. பணம் போட்டது ஒரு கப்பல் கம்பெனி. ஜெர்மன்காரர்கள் கப்பல்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கடலில் விழுந்தவர்களில் வயசான மாலுமிகள் தாக்குப்பிடித்தார்கள், இளம் பையன்கள் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் என்று கம்பெனிக்காரர் கவலைப்பட்டார். அந்தப் பையன்களை உயிரோடு திரும்பி வரப் பழக்கத்தான் ஒரு மாதப் பயிற்சி. ஆக, அங்கே கயிறு என்றால் கயிறு. பிடி நழுவினால் கடல். இன்றைக்கு ரிசார்ட் கயிற்றுக்குக் கீழே மெத்தை போட்டிருக்கிறார்கள் (போடத்தான் வேண்டும், அதில் தகராறு இல்லை). மெத்தை வந்த பிறகு கயிறு ஓர் உருவகமாகிவிட்டது. 'இந்தக் கயிறுதான் உங்க வாழ்க்கை' என்கிறார் பயிற்சியாளர். காசிமேட்டிலிருந்து ஒரு பையன் அந்தக் கூட்டத்தில் இருந்தால் என்ன நினைப்பான்? அறுந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணி கண்ணியாகக் கோக்கிற வீட்டில் வளர்ந்தவன். அவனிடம் போய் பத்து விரலைப் பின்னிச் சிக்கெடுக்கச் சொன்னால் சிரிப்பை அடக்கத்தான் அவனுக்குத் தலைமைப் பண்பு தேவைப்படும்.

முகாம் நடத்துகிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய ஒரு பரிசோதனை உண்டு. 1954-ல் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில், ராபர்ஸ் கேவ் என்ற காட்டுப் பூங்காவில் முசாஃபர் ஷெரீப் என்ற உளவியலாளர் நடத்தியது. பதினொரு வயதுப் பையன்கள் இருபத்திரண்டு பேர். கோடை முகாம் என்று சொல்லி அழைத்துப் போய் இரண்டு அணியாகப் பிரித்தார். போட்டி வைத்தார். சில நாளில் ஓர் அணி மற்ற அணியின் கொடியைக் கொளுத்தியது, ராத்திரியில் அறைக்குள் புகுந்து சூறையாடியது. சமாதானம் செய்ய, சேர்ந்து சாப்பிட வைத்தார், சேர்ந்து சினிமா பார்க்க வைத்தார். சாப்பாட்டையே எடுத்து ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். கடைசியில் முகாமுக்குத் தண்ணீர் வராமல் போனது. (போகவில்லை. ஷெரீப்பின் ஆட்களே குழாயை அடைத்தார்கள். பிள்ளைகளிடம் சொல்லாமல் இப்படியெல்லாம் செய்வது நியாயமா என்று பிற்காலத்தில் நிறையப் பேர் கேட்டார்கள், சரியான கேள்விதான்.) தாகம் எடுத்த இரண்டு அணியும் தொட்டியைச் சுற்றி நின்று அடைப்பை எடுக்க மல்லுக்கட்டின. இப்படி இன்னும் இரண்டு மூன்று வேலை கழிந்த பிறகு, திரும்பிப் போகும்போது ஒரே பஸ்ஸில் கலந்து உட்கார்ந்தார்கள்.

பாட்டும் படமும் செய்யாததை ஒரு தண்ணீர்த் தொட்டி செய்தது. வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ உள்ளவர்களுக்கு இதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்காது. 2019 ஜூனில் சென்னை ஏரிகள் வற்றி, தெருவுக்கு ஒரு லாரி தண்ணீர் வந்தபோது, யார் குடம் முதலில், வயசானவங்க வீட்டுக்கு யார் தூக்குறது, லாரிக்காரன் பாதியில் கிளம்பினால் யார் மறிக்கிறது என்று முடிவு செய்த பெண்கள் எந்த முகாமுக்கும் போனவர்கள் இல்லை.

அப்படியென்றால் முகாமே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். பெண் பிள்ளைகளைப் பற்றி யோசித்துப் பாருங்கள். கொடுங்கையூரில் இருந்து ஒரு கல்லூரி மாணவி மூன்று ராத்திரி வெளியே தங்குவதற்கு வீட்டில் அனுமதி வாங்க வேண்டும். அப்பாவிடம் நேரடியாகக் கேட்க முடியாது, அம்மா வழியாக மனு போட வேண்டும். சித்தப்பா ஒருத்தர் சம்பந்தமே இல்லாமல் நடுவில் வந்து, "காலம் கெட்டுக் கிடக்கு" என்பார். டீச்சர் போன் நம்பர், கூட வரும் தோழிகள் பேர், தங்கும் இடத்தில் வாட்ச்மேன் உண்டா என்கிற விவரம் வரை எல்லாவற்றையும் சேகரித்து, வாதாடி, ஜெயித்து அவள் பஸ் ஏறுகிறாள். நிகழ்ச்சி நிரலில் 'பேச்சுவார்த்தைத் திறன்' என்று ஒரு வகுப்பு இருக்கும். அதில் அவள் தூங்கினாலும் பரவாயில்லை. ஆனால் திரும்பி வந்து எழுதும் கட்டுரையில் அந்த ஒரு வாரச் சண்டையை ஒரு வரிகூட எழுத மாட்டாள். பயிற்சியாளர் சொன்ன கழுகுக் கதையை எழுதுவாள். கட்டுரை வடிவம் அவளுக்குச் செய்யும் பெரிய துரோகம் இது. அவளுடைய சொந்தச் சாதனையை அவள் கண்ணுக்கே மறைத்துவிடுகிறது.

நாட்டு நலப்பணித் திட்டத்தை, அதாவது என்.எஸ்.எஸ்.ஸை, இந்த இடத்தில் சொல்லாவிட்டால் பாவம். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-ல் தொடங்கியது. அதிலும் ஏழு நாள் முகாம் உண்டு. காலையில் வாய்க்கால் வெட்டு, மாலையில் கலை நிகழ்ச்சி, மூன்று வேளையும் சாம்பார். அதன் கொள்கை வாசகமே 'எனக்காக அல்ல, உனக்காக' என்பதுதான். என் கருத்தில் அந்த மண்வெட்டி முகாம்கள் இந்த மெழுகுவர்த்தி முகாம்களைவிட எவ்வளவோ தேவலை. குறைந்தபட்சம் வெட்டிய வாய்க்கால் மிஞ்சும். அதிலும் ஒரு குறை. வாய்க்கால் எந்த ஊருக்கு வேண்டும் என்று கல்லூரியே தீர்மானித்துவிடுகிறது. ஊரில் யாரையும் கேட்பதில்லை.

இதற்கு மாறாக ஓர் இடத்தைச் சொல்ல முடியும். கொடுங்கையூருக்குப் பக்கத்திலேயே வியாசர்பாடி முல்லை நகர் மைதானம். உமாபதி, தங்கராஜ் என்ற இரண்டு உள்ளூர்க்காரர்கள் 1990-களின் கடைசியில் அங்கே குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போனால்தான் ஆட்டம். அங்கே ஆடி வளர்ந்த பிள்ளைகளே பிறகு சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர்களாக நின்றார்கள். நான்கு நாளில் முடிகிற கதை இல்லை, தினம் சாயங்காலம். இன்றைக்குப் பாஸ் கொடுக்காமல் சுயநலமாக ஆடினால் நாளைக்கு அதே முகங்களைப் பார்க்க வேண்டும். முகாமில் கிடைக்காதது இந்த 'நாளைக்கு'தான்.

தண்டையார்பேட்டைப் பக்கம் வாருங்கள். தெருவோரப் பிள்ளைகளுக்காக 1990-களிலிருந்து இயங்கும் கருணாலயா என்ற அமைப்பின் பிள்ளைகளும் மும்பைப் பிள்ளைகளும் சேர்ந்த அணி ஒன்று 2019 மே மாதம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில், தெருவோரப் பிள்ளைகளுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து அணியைத் தோற்கடித்தது. பையன்களும் பெண்களும் கலந்த அணி. லார்ட்ஸைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பாஸ்போர்ட். நடைபாதையில் வளரும் பிள்ளைக்கு அதை வாங்குவதென்றால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், முகவரிச் சான்று வேண்டும். அறிமுகச் சுற்றில் முகவரி சொல்லத் தயங்கும் பிள்ளையைப் பார்த்தோமே, இங்கே காட்ட முகவரியே இல்லாத பிள்ளைகள். அரசாங்க கவுண்ட்டரில் நின்று 'நான் இங்கதான் இருக்கேன்' என்று ஒப்புக்கொள்ள வைப்பதற்கு எத்தனை பேருடைய எத்தனை நடை!

கொடுங்கையூருக்கே திரும்பலாம். 2017 நவம்பர் 1-ஆம் தேதி அங்கே ஆர்.ஆர். நகரில் தேங்கிய மழைத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து, விளையாடப் போன இரண்டு சிறுமிகள் இறந்துபோனார்கள். அந்த மாதிரி ஒரு தெருவில் மழைக் காலத்தில் வேண்டிய தலைமைப் பண்பு எது? மின்பெட்டிக் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தவுடன் யாரைக் கூப்பிடுவது என்று தெரிவது. அவர்கள் வரவில்லையென்றால் அடுத்து யார் என்று தெரிவது. புகார் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு மறுநாளும் கேட்பது. அதுவரைக்கும் அந்தப் பக்கம் பிள்ளைகள் போகாமல் நாலு பேரை நிற்க வைப்பது. மாநகராட்சிக்கு 1913 என்று ஒரு புகார் எண் இருக்கிறது என்பதை உங்கள் பிள்ளை போன முகாமில் சொல்லிக்கொடுத்தார்களா? விசாரித்துப் பாருங்கள்.

2025 மே மாதம் அந்த வட்டாரத்து மக்கள் ரோட்டில் வந்து நின்றார்கள். குப்பைக் கிடங்கில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வரப்போகிறது, ஏற்கெனவே மணலி, எண்ணூர்ப் புகையை மூச்சாக இழுக்கும் வடசென்னைக்கு இன்னொரு புகைபோக்கி வேண்டாம் என்று குடியிருப்போர் நலச் சங்கங்கள் சேர்ந்து மனிதச் சங்கிலி நடத்தின. எரிஉலை சரியா தவறா என்பது இன்னொரு வாரத்துக்கான விஷயம். இங்கே நான் பார்ப்பது கையை. முகாமில் பத்துப் பேர் கை கோத்துச் சிக்கலாகி நின்றார்களே, அதே கை கோத்தல்தான். இங்கே கை கோத்தவர்கள் ஊர் பேரை ஒளிக்கவில்லை. பெரம்பூர் பக்கம் என்றோ, எம்.கே.பி. நகர் தாண்டி என்றோ பூசி மெழுகவில்லை. கொடுங்கையூர் என்று உரக்கச் சொன்னார்கள். அந்த ஊர் பேரைச் சொல்லக் கூசும் கல்லூரிப் பிள்ளை ஒன்று அன்றைக்கு அந்த வரிசையில் அம்மாவோடு நின்றிருந்தால், 'தன்னம்பிக்கை' வகுப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். கட்டணமும் கிடையாது.

விடுமுறை வந்ததும் விளம்பரங்கள் வரும். 'உங்கள் பிள்ளை நாளைய தலைவர்' என்று வழவழப்பான தாளில் அச்சடித்து, கோட்டு போட்ட ஒருவர் கை கட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். பிள்ளை ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கோட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "முகாம் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு இந்தப் பிள்ளைங்களை எங்க சார் சந்திப்பீங்க? என்ன வேலை கொடுப்பீங்க?" ஒரு மைதானம், ஒரு மாலை வகுப்பு, ஒரு வார்டு, ஒரு ஏரி என்று ஏதாவது ஓர் இடத்தின் பேரைச் சொன்னால் தைரியமாக அனுப்புங்கள். "வாட்ஸ்அப் குரூப் இருக்கு சார்" என்று பதில் வந்தாலும் பாதகமில்லை. உங்களால் முடிந்தால் பணத்தைக் கட்டுங்கள். பிள்ளை நாலு நாள் ஏற்காட்டைப் பார்த்துவிட்டு வரட்டும். ஏற்காடு நல்ல ஊர்.